பேத்தியின் இரண்டு தாத்தாக்கள்

காசிமேடு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டிவலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம்.

பேத்தியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டோம். விண்ணப்பத்தில் சாதி எழுதும் இடம் வந்ததும் மருமகள் பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பழங்குடி வீட்டுப் பெண் என்பது உனக்குத் தெரியும். பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்தே நீதானே போட்டாய். எதிரே இருந்தவர், "அப்பா சாதிதான் பிள்ளைக்கு, எழுதும்மா" என்றார். எழுதிவிட்டாள். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் ஒரு வக்கீலிடம் விசாரித்தேன். குஜராத் வழக்கு ஒன்றில் 2012-இல் உச்ச நீதிமன்றம் அப்படி முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது என்றிருக்கிறது. அப்பா பழங்குடி இல்லாவிட்டாலும், பிள்ளை அம்மாவின் சமூகத்தில் வளர்ந்து, அவர்கள் படுகிற இழிவையும் கஷ்டத்தையும் தானும் பட்டிருந்தால், அதைக் காட்டிப் பழங்குடிச் சான்றிதழ் கேட்கலாமாம். சரி, எங்கள் பிள்ளை வளர்வது காசிமேட்டில், என் மடியில். பொய் சொல்லிக் கேட்க எனக்கு மனமில்லை.

என்னை உறுத்துவது வேறு. மருமகள் எந்த ஊர் என்று தெருவில் கேட்டால், "செங்கல்பட்டுப் பக்கம்" என்று சொல்லி ஆறு வருஷமாக அதோடு நிறுத்திக்கொண்டவன் நான். அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

குழந்தையிடம் அந்த மறைப்பு இல்லை. சம்பந்தி வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். 1978-இல் தொடங்கிய சங்கம். அங்கே எடுக்கிற விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து செய்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலையும் விரல் மடக்கிச் சொல்கிறாள். மறுநாள் காலை ஏலக்கூடத்தில் என் தோளில் உட்கார்ந்து வஞ்சிரம், சங்கரா, காரப்பொடி என்று கை நீட்டுகிறாள். இரண்டும் அவளுக்குத் தாத்தா வீட்டுப் பேச்சு, அவ்வளவுதான். பெரியவர்கள் நாம் வாயை மூடினால் அதில் ஒன்று அவளுக்கு மறந்து போகும்.

போன வாரம் எதிர்வீட்டு அம்மாவிடம், "எங்க மருமக இருளர் வீட்டுப் பொண்ணு" என்று நானே சொன்னேன். மருமகள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் கன்னியம்மனைக் கும்பிடக் கூடுவார்கள். இந்தத் தடவை சம்பந்தி வீட்டோடு குடும்பமாகப் போகிறோம். ராத்திரி மணலிலேயே தங்கல். தார்ப்பாய் நான் எடுத்து வருகிறேன். உன்னால் மணலில் நடக்க முடியுமா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி