தலைகீழா அச்சாகியிருக்குற என் படம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல எங்க ஓவியக் கண்காட்சி பத்தி எழுதியிருந்தீங்க, ரொம்ப நன்றி. தண்டையார்பேட்டையில படம் மாட்டினா நிருபர் வந்து பாக்குறதே எங்களுக்குப் பெருசு. ஆனா அதுல ஒரு வரி, "கூழைக்கடான்னு தலைப்பு இருக்கு, பறவையத்தான் படம் பூரா தேட வேண்டியிருக்கு"ன்னு. படிச்சதுலேர்ந்து மனசே சரியில்லங்க.

ஐயா, நானும் தேடித்தான் பாத்தேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் பூரா பரவுச்சே, உங்க பேப்பர்லயே வந்துச்சு. காட்டுக்குப்பம் ஜனங்க மக்கு, பக்கெட்டு வெச்சு எண்ணெய அள்ளிட்டு இருந்தாங்க, நான் கரையில நின்னுட்டிருந்தேன். சேத்து மேல கருப்பா ஒண்ணு கெடந்துச்சு, தார் உருண்டைன்னு நெனச்சேன், திடீர்னு றெக்கைய விரிச்சுது. றெக்கை எங்க முடியுது, சேறு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. அலகுக்குக் கீழ தொங்குற பையில மட்டும் ஒரு விரக்கடை ரோஸ் கலர். அவ்ளோதான் பறவை. அத கண்ணு மூக்கு வெச்சு, காலண்டர்ல வர்ற மாதிரி வரைஞ்சா அது பொய்யில்லையா?

அந்தப் படத்துக்கு நாலு மாசம் ஆச்சு. ஆயில் பெயின்ட் தண்ணி மாதிரி ஆவியாகி காயாது, காத்துல இருக்குற ஆக்சிஜன இழுத்து மெதுவாத்தான் இறுகும். அடி கோட்டுல டர்பன்டைன் ஜாஸ்தி, மேல போகப் போக ஆளிவிதை எண்ணெய் ஜாஸ்தி, மாத்திப் போட்டா வெடிப்பு விட்டுரும். கருப்ப கத்தியால சொரண்டி சொரண்டி எடுத்து, அடியில இருந்த ரோஸ அந்த ஒரே எடத்துல வெளிய கொண்டாந்தேன். நீங்க அத கருப்பு வெள்ளையில போட்டுட்டீங்க, அதுவும் தலைகீழா. அப்புறம் பறவை எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?

ஓவியர் ஆதிமூலம் சார் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, கோட்டுலயே காந்திய கொண்டாந்தவரு பின்னாடி ஆயில்ல வெறும் நெறமா நெலத்த வரைஞ்சாரு. ஜெர்மனியில ஃப்ரான்ஸ் மார்க்னு ஒரு ஓவியர் 1911லயே குதிரைய நீலமா வரைஞ்சாரு. அவங்கள யாரும் குதிரை எங்க, மலை எங்கன்னு கேக்கல, என்ன மாதிரி எடத்துலேர்ந்து வந்தவனத்தான் கேப்பாங்க போல.

எங்க நைனா காசிமேட்டுல லாஞ்சிக்குப் பேரு எழுதுனவரு, நான் இருவது வருஷம் கடை போர்டு எழுதினேன், பிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலே போச்சு. பெரியமேட்டு ஓவியக் கல்லூரி 1850லேர்ந்து இருக்கு, அந்த வாசல் வழியா பஸ்ஸுல போயிருக்கேனே தவிர உள்ள போய் படிக்க குடுத்து வெக்கல. தெக்க ஒரு கேலரியில மூணு படம் குடுத்தேன், காயறதுக்கு முன்னாடியே பபிள் ஷீட் சுத்தி அடுக்கி வெச்சிருந்தாங்க, எல்லாத்துலயும் குமிழ் குமிழா அச்சு விழுந்து திரும்பி வந்துச்சு, ஒரு சாரி கெடையாது. அதுல ஒண்ணு 2025 ஜனவரியில நம்ம கரையில செத்து ஒதுங்குச்சே பங்குனி ஆமை, அதோட ஓட்டு நெறத்துல வரைஞ்சது, அந்த நெறத்த திரும்பக் கலக்க எனக்கு வரல.

எங்க ஏரியாவுல வெட்டு குத்துன்னா கலர் போட்டோ போடுறீங்க, இந்தப் படத்துக்கு மட்டும் கலர் இல்லாமப் போச்சேன்னுதான் வருத்தம். பேரு ஊரு எல்லாம் சரியாத்தான் போட்டிருந்தீங்க, அதையும் சொல்லணும்.

மன்னிப்பெல்லாம் வேணாங்க. சின்ன சைஸ்ல ஒரு தடவ அந்தப் படத்த கலர்ல போடுங்க, கீழ 'கேன்வாஸ்ல ஆயில், மூணுக்கு நாலு அடி'ன்னு ஒரு வரி. படத்தோட போட்டோவ இதோட திரும்ப அனுப்பியிருக்கேன். ரோஸ் கலர் இடது பக்கம் கீழ வரணும், அச்சுக்குப் போறப்ப அத மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பர பதினெட்டு வருஷமா வாங்குற வாசகர்,
தண்டையார்பேட்டை