ரயிலின் உணவுப்பெட்டியைச் சிமெண்டில் பதிக்காதீர்கள், ஓடவிடுங்கள்

மலேசிய ரயில்களை ஓட்டும் கேடிஎம் நிர்வாகத்தினருக்கும் ரயில்வே சொத்துடைமைக் கழகத்தினருக்கும் வணக்கம்.

பழைய ரயில் பெட்டிக்குச் சாயம் அடித்து, சக்கரத்தைச் சிமெண்டில் பதித்து, காப்பிக்கடை என்று பெயர்ப்பலகை மாட்டுவது எங்கும் பழக்கமாகி வருகிறது. படம் எடுக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நகராத பெட்டியில் உட்கார்ந்து நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட நெகிரி செம்பிலானின் பகாவ் தோட்டத்து மனிதன் எதற்கு வரவேண்டும்? அவனுக்கு டவுனிலேயே ஒட்டுக்கடை இருக்கிறது. நாங்கள் கேட்பது வேறு. உங்கள் யார்டுகளில் மிச்சமிருக்கும் பழைய உணவுப்பெட்டி ஒன்றைச் சரிசெய்து, கிழக்குக்கரை ரயிலில் கோத்து, அதில் மறுபடியும் சமையல் நடக்கச் செய்யுங்கள்.

ஆகாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் தண்டவாளத்திலேயே சாட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. 1993-இல் ஓடத் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் எக்ஸ்பிரஸ் என்ற சொகுசு ரயிலின் பெட்டிகள் புதிதாகக் கட்டியவை அல்ல. ஜப்பானில் செய்து, நியூசிலாந்தில் 1971 முதல் 1979 வரை சில்வர் ஸ்டார் என்ற பெயரில் ஓடியவை. அங்கே தண்டவாள அகலம் 1067 மில்லிமீட்டர், இங்கே 1000. அந்த வித்தியாசத்தையும் சரிசெய்துதான் இங்கே ஓட்டினார்கள். 2020-இல் நின்ற அந்த ரயில் 2024-இல் மறுபடி வந்துவிட்டது. சபாவில் வட போர்னியோ நீராவி ரயில் 2000-ஆம் ஆண்டில் சுற்றுலா ரயிலாகத் தொடங்கியபோது, தஞ்சோங் ஆருவிலிருந்து பாப்பார் போகும் வழியில் பயணிகளுக்கு டிபன் கேரியரில் சாப்பாடு கொடுத்தார்கள். டிபன் கேரியர்! நம் வீட்டுச் சாமான் அங்கே விருந்தாகிவிட்டது.

வேலை சுலபம் என்று நான் சொல்லவில்லை. பழைய பெட்டியில் முதலில் துரு தின்பது தரைக்கடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் சமையலறைக்கும் கீழே. மேலே எவ்வளவு பளபளத்தாலும் அடிச்சட்டம் போயிருந்தால் அந்தப் பெட்டி போனதுதான். அச்சுகளை அல்ட்ராசவுண்ட் வைத்து விரிசல் பார்க்கவேண்டும். பழைய வெற்றிட பிரேக் இருந்தால் கழற்றிவிட்டுக் காற்று பிரேக் போடவேண்டும். சுவர்ப் பலகைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதைத் தேர்ந்த ஆட்களைக்கொண்டு எடுக்காமல் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கக்கூடாது. வயரிங் முழுக்கப் புதிது. கழிவுநீர் தண்டவாளத்தில் கொட்டாமல் தொட்டியில் சேரவேண்டும். அடுப்பு விஷயத்தில் பழமை விரும்பிகளோடு நான் சேரமாட்டேன்: கரியும் வேண்டாம், கேஸும் வேண்டாம், ஜெனரேட்டர் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுத்து மின் அடுப்பு வையுங்கள். மேசை, ஜன்னல், மரக் கவுண்டர் பழையதாக இருந்தால் போதும்.

எந்த ரயிலில் மாட்டுவது என்பதுதான் உண்மையான முடிச்சு. ஒரே தொகுப்பாக ஓடும் டீசல் செட்டிலோ இடிஎஸ் மின்சார ரயிலிலோ நடுவே வேறு பெட்டியைச் செருக முடியாது. எஞ்சின் இழுக்கும் ரயில்தான் வேண்டும். ஆகவே கிழக்குக்கரைப் பாதையில் கிம்மாஸ் - கோலா லிப்பிஸ் இடையே சனி ஞாயிறுகளில் எஞ்சினும் நான்கைந்து பெட்டிகளுமாக ஒரு ரயில் விடுங்கள், போதும்.

இந்தப் பாதையை ஏன் கேட்கிறோம் என்றால், கிம்மாஸிலிருந்து பகாவுக்கு 1910-இல் கம்பிச்சடக்கு, அதாவது ரயில் பாதை, வந்தது. கிழக்குக்கரைப் பாதை முழுதாக முடிந்தது 1931-இல். ஜப்பான்காரன் காலத்தில் இதன் ஒரு பகுதித் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனான். தோட்டத்துத் தமிழர்களையும் அதே வேலைக்குப் பிடித்துப் போனான். தண்டவாளம் போட்டவர்கள், கட்டை மாற்றியவர்கள், செந்தூல் பட்டறையில் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர்கள் என்று எங்கள் ஆட்கள் நிறையப் பேர். ஆனால் அந்தக் காலத்து உணவுப்பெட்டியில் வெள்ளைத்துணி விரித்த மேசை பெரும்பாலும் துரைமார்களுக்குத்தான். ஆகவே பழைய நினைவு என்று நாங்கள் உருகப்போவதில்லை. எங்களுக்கு அது புதிய இடம். அதில் உட்கார்ந்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

அதனால்தான் இதை உல்லாசப் பயணிகளுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்கிறேன். சமையல் குத்தகையைப் பாதையோரத்து ஊர்களில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர்களுக்கே கொடுங்கள். டைபாய்டு ஊசி, உணவு கையாளுவோர் பயிற்சி எல்லாம் அவர்கள் ஏற்கெனவே முடித்தவர்கள்தான். ஹலால் சமையலறையாகவே இருக்கட்டும், எல்லாரும் சாப்பிடலாம். காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவிய ரொட்டி, கோப்பி, இட்லி, நாசி லெமாக் என்று நாலே அயிட்டம் போதும். குளுவாங் ஸ்டேஷன் காப்பிக்கடை 1938-இலிருந்து இப்படிச் சின்னப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் பேர் வாங்கியது.

விலையையும் சொல்லிவிடுகிறேன். டவுன் கடையைவிட ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட இருந்தால் கொடுப்போம். ஐந்து வெள்ளி கூட இருந்தால் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
பகாவ் வட்டாரத் தோட்டத்து ரயில் பயணி ஒருவன்