ரத்தப் பரிசோதனைத் தாளை எனக்குப் படித்துக் காட்டியவர்களுக்கு

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்காத குறைபாடு எனக்கு இருப்பதைக் கண்டறிந்து, அது என்னவென்று புரியவைத்து, மருந்து உடம்பில் சேரும்வரை துணை நின்ற அனைவருக்கும் வணக்கம். பெயரைப் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள். அதனால் யார் எந்த வேலையில் இருப்பவர் என்று சொல்லியே நன்றி சொல்கிறேன். உங்களுக்கு அடையாளம் தெரியும்.

முதல் நன்றி, எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் அக்காவுக்கு. கை மரத்துப்போகிறது, இரவில் விரல்கள் எரிந்து தூக்கம் கெடுகிறது என்று சொல்லத்தான் அவரிடம் போனேன். கத்தரிக்கோல் பிடிக்கும் கை மரத்துப்போவது எங்கள் தையல் தொழிலில் எல்லாருக்கும் பழகிய தொல்லை. அக்கா கையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நாடி பிடித்து நிதானமாக எண்ணினார், இன்னொரு முறையும் எண்ணினார். முழங்கைத் தோல் செதில் செதிலாக வறண்டிருப்பதைத் தடவிப் பார்த்தார். குரல் எப்போதிலிருந்து கரகரக்கிறது என்று கேட்டார். சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, நான் மட்டும் முந்தானையால் போர்த்திக்கொண்டு மின்விசிறிக்கு விலகி உட்கார்ந்திருந்ததையும் கவனித்திருந்தார். மலச்சிக்கல், மாதவிலக்கில் அதிகப் போக்கு, ஏறிக்கொண்டே போகும் எடை, மறதி என்று அவர் கேட்கக் கேட்க, தனித்தனியாக நான் பொறுத்துக்கொண்டிருந்தவை எல்லாம் ஒரே நோயின் பக்கம் கைகாட்டின. தைராய்டு குறைந்தால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டு விரல்கள் மரத்துப்போகக்கூடும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். அக்கா, அந்தக் கூட்டத்திலும் எனக்கு நேரம் ஒதுக்கினீர்களே, அதை மறக்க மாட்டேன்.

பரிசோதனைக்கூடத்துத் தம்பிக்கு அடுத்த நன்றி. முடி கொட்டுகிறதே என்று ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஊசி போடும் முன்பே கேட்டீர்கள். முடிக்கான மாத்திரைகளில் இருக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் சில கருவிகளில் தைராய்டு எண்களையே மாற்றிக் காட்டிவிடும் என்று சொல்லி, அதை நிறுத்தி இரண்டு நாள் கழித்து வரச் சொன்னீர்கள். அன்றைய வருமானம் தள்ளிப்போவதை நினைக்காமல் திருப்பி அனுப்பினீர்கள்.

முடிவு வந்தது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 48 என்று இருந்தது. அந்தக் கூடத்தின் அளவுப்படி அது 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டும். பக்கத்தில் தடித்த எழுத்தில், அதிகம் என்பதைக் குறிக்கும் 'எச்'. அதற்குக் கீழே, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான எஃப்.டி.4 என்பது 0.5, இருக்க வேண்டியது 0.8 முதல் 1.8 வரை. எங்கள் தெருவில் எல்லாருடைய கண்ணிலும் பட்டது மேலே இருந்த அந்த 'எச்' தான். தைராய்டு அதிகமாகிவிட்டது, அயோடின் உப்பை நிறுத்து, மீனைத் தொடாதே, முட்டைக்கோஸ் ஆகாது என்று அக்கறையோடு ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த அக்கறைக்கும் நன்றி. ஆனால் தாளைக் கொடுக்கும்போதே தம்பி சொல்லியிருந்தார்: "இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும், அக்கா. டாக்டர் பார்க்காமல் எதையும் சாப்பிடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்."

நாடி மெதுவாக ஓடியது, படியேறினால் நெஞ்சை அடைத்தது. அதனால் சுகாதார நிலைய மருத்துவர் என்னைப் புதுச்சேரி ஜிப்மருக்கு எழுதி அனுப்பினார். கன்னியக்கோயில் வழியாகப் பஸ்ஸில் போய், புதுச்சேரியில் இறங்கி, கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். விடிவதற்குள் கிளம்பினால்தான் சீட்டுப் போடும் வரிசையில் முன்னால் நிற்கலாம். 1823-இல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த அந்த ஆஸ்பத்திரியில், எங்கள் மாவட்டத்துக்காரர்கள் எத்தனை பேருக்கு உயிர் திரும்பியிருக்கிறது!

அங்கே என்னைப் பார்த்த இளம் மருத்துவருக்கு எப்படி நன்றி சொல்வது? என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். தையல் என்றேன். தாளைத் திருப்பி வைத்து ஒரு தையல் இயந்திரம் வரைந்தார். "மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் மிதிக்கிற கால். கழுத்தில் இருக்கும் தைராய்டு சக்கரம். சக்கரம் சரியாகச் சுழலவில்லை என்றால் கால் என்ன செய்யும்? இன்னும் ஓங்கி மிதிக்கும். உங்கள் டி.எஸ்.எச். 48 என்பது அந்த மிதி. எஃப்.டி.4 தான் சக்கரம் சுழலும் வேகம். அது குறைந்துவிட்டது" என்றார். அதிகம் என்று அச்சிட்டிருந்த தாள் குறைபாட்டைச் சொல்கிறது என்பது ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. மிதி மட்டும் கூடி, சக்கரம் இன்னும் சரியாகச் சுழலும் நிலையும் உண்டாம். அப்படிப்பட்டவர்கள் எல்லாருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது, சிலருக்கு மறுபடி பரிசோதித்துப் பார்த்தாலே போதும் என்றார்.

காரணத்தையும் மறைக்கவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைப் பகையாக நினைத்துத் தாக்குவதை, டி.பி.ஓ. எதிர்ப்பொருள் பரிசோதனை காட்டியது. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ எழுதிவைத்த நோய் இது. மீன் தின்றதால் வந்ததில்லை. வீட்டில் வழக்கமாகப் போடும் அயோடின் உப்பு போதும், தனியாக அயோடின் மருந்து தேவையில்லை. முட்டைக்கோஸை வேக வைத்து அளவோடு சாப்பிடலாம் என்றார். அன்று மாலை எங்கள் வீட்டில் மீண்டும் சங்கரா மீன் குழம்பு கொதித்தது.

ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பிறகே, குறைந்துபோன தைராய்டு ஹார்மோனை ஈடுசெய்யும் தைராக்ஸின் மாத்திரை எழுதினார். நெஞ்சுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று 25 மைக்ரோகிராமில் தொடங்கி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துப் படிப்படியாகக் கூட்டினார். நாளைக்கே தெம்பு வரும் என்று பொய் நம்பிக்கை தரவில்லை. இந்த மருந்தின் பாதி உடம்பிலிருந்து நீங்கவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் பலனும் மெல்லத்தான் தெரியும், அவசரப்பட்டுப் பரிசோதித்தால் எண் தவறான வழியைக் காட்டும் என்று விளக்கினார்.

மருந்துக் கடை அண்ணனுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் சாப்பிட வேண்டும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபி கூடாது, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்று கையால் எழுதி மாத்திரைப் புட்டியில் ஒட்டித் தந்தார். அடுப்பின் சூடும் குளியலறை ஈரமும் படாமல் வைக்கச் சொன்னார். ஒரு முறை வழக்கமான கம்பெனி மாத்திரை வராதபோது, வேறொன்றை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடாமல், மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார். அந்த நேர்மை பெரிது. காலைக் காபியைத் தள்ளிவைத்து எனக்காகவே பழக்கத்தை மாற்றிக்கொண்ட என் மாமியாரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்துக் கடைத் தங்கை, பொங்கல் ரவிக்கைகளில் பாதியை வாங்கித் தைத்துக் கொடுத்துவிட்டுக் கூலியை என்னிடமே நீட்டினாய். என் கை வராத நாட்களில் என் கடை மூடப்படாமல் இருந்தது உன்னால்தான்.

நன்றியைக் கேட்க இன்று உயிரோடு இல்லாதவர்களும் இருக்கிறார்கள். என் மகள் படித்துச் சொன்னாள்: 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், செம்மறியாட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். நானும் கிட்டத்தட்ட அந்தப் பெண்ணின் வயதுக்காரி. மருந்தே இல்லாத காலத்தில் இந்த நோய் என்னைப் போன்றவர்களை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

இப்போது என் டி.எஸ்.எச். அளவுக்குள் வந்துவிட்டது. விரல்களில் எரிச்சல் இல்லை. ஊசியில் நூல் கோக்கிறேன்.

கடைசியாக, ஜிப்மர் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாகூர்ப் பக்கத்து அம்மாவுக்கு. உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். எனக்குத் தலை சுற்றியபோது உங்கள் இடத்தில் என்னை உட்கார வைத்து, இருந்த ஒரே பாட்டில் தண்ணீரையும் கொடுத்தீர்கள். உங்கள் மருமகளுக்கும் இதே மாத்திரைதான், குழந்தைக்குக் காத்திருக்கிறோம் என்றீர்கள். கரு உண்டானது தெரிந்ததுமே மருத்துவரிடம் போக வேண்டும், மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்று என் மருத்துவர் பிறகு சொன்னார். குழந்தை பிறந்ததும் அதற்கும் தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால், கடலூர்ப் பக்கம் வரும்போது திருப்பாதிரிப்புலியூர்ச் சன்னதித் தெருவில் தையற்கடை எது என்று கேட்டு வாருங்கள். பேரக்குழந்தைக்கு முதல் சட்டையை நான் தைத்துத் தருகிறேன்.

நன்றியுடன்,
திருப்பாதிரிப்புலியூர்த் தையற்காரி