மழைக்காலத் தேனீப் பெட்டிகளின் குறைபாடு: மாற்றித் தரக் கோரி

கடலூர்
3.11.2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

செப்டம்பரில் உங்களிடம் வாங்கிய 40 நியூட்டன் வகைத் தேனீப் பெட்டிகள், அவற்றை நிறுத்தும் கம்பத் தாங்கிகள் குறித்து, பண்ணுருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் தேனீ வளர்க்கும் நாங்கள் சேர்ந்து எழுதுகிறோம். 'மழைக்கும் புயலுக்கும் தாங்கும்' என்று விளம்பரம் செய்து கூடுதல் விலைக்கு விற்றீர்கள். அக்டோபர் மழைக்கே தாங்கவில்லை.

பெரிய குறை மேல்மூடியில். மரப்பலகை என்று சொல்லிவிட்டு பிளைவுட் வைத்திருக்கிறீர்கள். மேலே அடித்த தகரத்தை ஓரத்தில் கீழே மடக்கவில்லை. அதனால் தகரத்தில் விழும் தண்ணீர் பிளைவுட்டின் வெட்டுவாய்க்குள் இறங்கி, பசை விட்டு, அடுக்கடுக்காகப் பிரிந்து ஓரமெல்லாம் உப்பி நிற்கிறது. மூடி படியாத சந்தில் விரல் நுழைகிறது. சாரல் நேராக, தேனீ அடை கட்டும் மரச்சட்டங்களின் மேல் விழுகிறது. கம்பிவலை போட்ட காற்றுத்துளையும் இல்லை. உள்ளே எழும் ஈரம் போக வழியின்றி மூடியின் அடியில் முத்து முத்தாகக் கோத்து அடைகளில் சொட்டுகிறது.

புழு வளரும் அடையைத் தேனீக்கள் 34, 35 டிகிரி சூட்டில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சூடு அவை தின்னும் தேனிலிருந்துதான் வருகிறது. கூடு நனைந்தால் தேன் செலவு ஏறும்; அடைமழையில் வெளியே போய் ஈடுகட்டவும் முடியாது. மகரந்தம் பூசணம் பிடிக்கும், மூடாத தேன் புளிக்கும். கூட்டம் மெலிந்து காவல் குறைந்த அடையில் மெழுகு அந்துப்பூச்சி முட்டை வைக்கும். பிறகு மிஞ்சிய தேனீக்களும் பெட்டியை விட்டு ஓடிவிடும்.

தாங்கியில் எறும்பு ஏறாமல் தண்ணீர் ஊற்றி வைக்கும் கிண்ணத்தைச் சுற்றிலும் பற்றவைக்காமல் நாலு புள்ளி மட்டும் வைத்திருக்கிறீர்கள். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் ஒழுகிவிடுகிறது, எறும்பு ஏறுகிறது. கம்பத்தின் மொத்த நீளமே 2 அடி. எங்கள் மணல் மண்ணில் ஒன்றரை அடியாவது புதைக்காவிட்டால் காற்றில் சாய்ந்துவிடும். புதைத்தால் பெட்டி தரையோடு கிடக்கும். 2011-இல் தானேயும், போன வருடம் ஃபெஞ்சலும் கரையேறிய பகுதிக்கு இதையா அனுப்புவது?

அடிப்பலகைக்கு வாசல் பக்கம் சரிவு இல்லாததால் தண்ணீர் தேங்குகிறது. 1 செ.மீ. உயரம் போதுமான வாசலை 2 செ.மீ. வெட்டியிருக்கிறீர்கள், குளவி தாராளமாக நுழைகிறது.

மூடியை மாற்றித் தந்தால் போயிற்று என்று நினைக்க வேண்டாம். இங்கே முந்திரி ஜனவரியில் பூக்கத் தொடங்கும். முட்டை வேலைக்காரத் தேனீயாகி வெளியே போய்ப் பூந்தேன் கொண்டுவரச் சுமார் 6 வாரம் ஆகும். ஆக, முந்திரிப் பூவுக்குப் போகவேண்டிய தேனீ நவம்பர், டிசம்பர் முட்டைகளிலிருந்துதான் வரவேண்டும். இப்போது மெலியும் கூட்டத்தால் அந்தப் பருவமே போகும்.

எனவே 40 மூடிகளையும் காய்ந்த மரப்பலகையில், நாலு பக்கமும் ஓர் அங்குலம் நீண்டு, தகரம் கீழே மடங்கி, எதிரெதிரே வலை போட்ட இரு துளைகளோடு செய்து நவம்பர் 15-க்குள் அனுப்புங்கள். அடிப்பலகைகளையும் சரியான அளவில் மாற்றித் தாருங்கள். தாங்கிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவற்றின் விலையைத் தந்துவிடுங்கள். உள்ளூர்ப் பட்டறையில் 4 அடிக் கம்பத்தில் செய்துகொள்கிறோம். அதுவரை தார்ப்பாய் கட்டி, சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகு வைத்துக் கூட்டங்களைக் காக்கும் செலவும் உங்களுடையதே. பில், படங்கள் இணைத்துள்ளோம். அந்தத் தேதிக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
பெட்டி வாங்கிய தேனீ வளர்ப்போர்,
பண்ணுருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்