வழுக்கும் தரையும் எலுமிச்சை மூடியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நங்கநல்லூரில் எங்கள் பழைய வீட்டின் சமையலறையையும் குளியலறையையும் இந்த ஆனியில்தான் புதுப்பித்தோம். டைல்ஸ் கடையில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஈரத்தில் வழுக்குமா? "இதுதான் மாமி இப்போ மூவிங்" என்றார் விற்பனையாளர். முகம் தெரிகிற பளபளப்பு. பதித்த மூன்றாம் நாள், எண்பத்திரண்டு வயது மாமனார் ஈரக்காலோடு சறுக்கிக் கதவு நிலையைப் பிடித்துத் தொங்கினார். எலும்பு தப்பியது.

ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று வழுக்காத தன்மைக்கு ஓர் அளவு உண்டு, எண் கூடக்கூடப் பிடிப்பு அதிகம் என்பதே பிறகு கொத்தனார் சொல்லித்தான் தெரிந்தது. விலையையும் சைஸையும் கொட்டை எழுத்தில் போடுகிற கடைக்காரர்கள் இதையும் மாதிரிப் பலகையில் எழுத வேண்டும் என்று அதிகாரிகள் கட்டாயப்படுத்தக் கூடாதா?

அடுப்பு மேடைக்கு மருமகள் வெள்ளை மார்பிள் கேட்டாள். மாதிரித் துண்டில் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்தேன். விடிந்ததும் பார்த்தால் மெருகு போய் வட்டமாக ஒரு தடம், துடைத்தாலும் போகவில்லை. மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல், புளிப்பு அரித்துவிடும். தினம் புளி கரைக்கிற வீட்டுக்கு அது எதற்கு? கறுப்பு கிரானைட்டே போட்டோம். அதிலும் எங்கள் போர் தண்ணீரின் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. காலையும் மாலையும் துடைக்கிறேன், வேறென்ன செய்ய.

- ஒரு வாசகி, நங்கநல்லூர், சென்னை