வெட்டுப்பட்ட சீமாட்டி

ஆசிரியருக்கு,

ஆங்கில ஓவியர் கெயின்ஸ்பரோ வரைந்த டெவன்ஷர் சீமாட்டி ஜார்ஜியானாவின் ஓவியம் 1876-இல் லண்டனில் திருடுபோன கதையைச் சுவையாக எழுதியிருந்தீர்கள். ஆனால் முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. 1780-களில் தீட்டியபோது அது தலை முதல் கால் வரை முழு உருவப் படம். பின்னாளில் அதை வைத்திருந்த ஒரு பள்ளி ஆசிரியை, கணப்படுப்புக்கு மேலே மாட்ட இடம் போதவில்லை என்று கால் பக்கத்தை வெட்டிவிட்டாராம்!

முழு உருவம் அன்று சாதாரணச் செலவல்ல. இன்னொரு ஆங்கில ஓவியரான ரெனால்ட்ஸ் அதே காலத்தில் மார்பளவுப் படத்துக்கு 50 கினியும் (அன்றைய ஆங்கிலப் பொற்காசு) முழு உருவத்துக்கு 200 கினியும் வாங்கினார். அதிலும் ஓவியர்கள் பலர் உடையைத் தீட்ட வேறு ஆள் வைத்தபோது, கெயின்ஸ்பரோ பெரும்பாலும் பட்டு மடிப்புகளைத் தானே தீட்டியவர். வெட்டுப்பட்டுப் போனது அந்தப் பாவாடையின் கீழ்ப்பகுதிதான். படத்தின் கீழே ஒரு வரியாவது இதைச் சொல்லியிருக்கலாம்.

– ஒரு வாசகி, திருச்சி