ஏலத்தில் வாங்கிய பாத்திமிய தினார்: தவறான விவரம், சொல்லாமல் விட்ட பற்றுத்தடம் (உலோகம் பற்றவைத்த தடம்) குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு, நாணய ஏல நிறுவனம்

ஐயா/அம்மையீர்,

உங்கள் ஏலத்தில் நான் எடுத்த தினாரை "பாத்திமியர், அல்-முயிஸ், மிஸ்ர், ஹிஜ்ரி 345" என்று பட்டியலில் போட்டிருந்தீர்கள். அதாவது, பாத்திமிய மரபின் கலீஃபா அல்-முயிஸ் பெயரில் எகிப்தின் மிஸ்ர் நாணயசாலையில் அடித்த தங்கக் காசு என்று. அப்படியொரு காசு இருக்கவே வழியில்லை. ஹிஜ்ரி 345-ல் (கி.பி. 956-57) எகிப்து இக்‌ஷிதியர் என்ற வேறு மரபினர் கையில் இருந்தது. தளபதி ஜவ்ஹர் அதை அல்-முயிஸுக்காகப் பிடித்தது 358-ல், அதாவது கி.பி. 969-ல்.

பிழை எங்கே நேர்ந்தது என்பதும் தெரிகிறது. உள்வட்டத்தில் "மஅத்" என்ற பெயரைப் பார்த்தவுடன் அல்-முயிஸ் என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். பின்னால் வந்த பாத்திமிய கலீஃபா அல்-முஸ்தன்ஸிரின் இயற்பெயரும் மஅத்தான். இருவருக்கும் அபூ தமீம் என்ற பெயரும் பொது. அல்-முயிஸ் காசுகளில் இருந்த, வட்டத்துக்குள் வட்டமாக எழுதும் அமைப்பையும் அல்-முஸ்தன்ஸிர் திரும்பக் கொண்டுவந்தார். அதனால்தான் ஆண்டின் கடைசிச் சொல்லைப் படிக்காமல் விடக்கூடாது. இந்தக் காசில் "கம்ஸ் வ அர்பயீன்" (நாற்பத்தைந்து) என்பதற்குப் பின் வருவது "அர்பஅமிஆ", நானூறு. "தலாதமிஆ"வில், முந்நூறில், ஐன் என்ற அரபு எழுத்தே கிடையாது. இங்கே அது பளிச்சென்று நிற்கிறது. ஆக, ஆண்டு 445, கி.பி. 1053-54. சுமார் 58 ஆண்டு ஆண்ட அல்-முஸ்தன்ஸிரின் தினார்கள் சந்தையில் நிறையவே கிடைக்கின்றன. கிடைக்கவே முடியாத ஒரு காசுக்கான விலையை என்னிடம் வாங்கியிருக்கிறீர்கள்.

இதைவிடப் பெரிய குறை விளிம்பில் இருக்கிறது. 10 மடங்கு லென்ஸில் பார்த்தால், பன்னிரண்டு மணி இடத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிறிய மஞ்சள் திட்டு. அதன்மேல் ஒரே திசையில் ஓடும், அரம் தேய்த்த கீறல்கள். பக்கத்து எழுத்துகளின் முனை உருகி மழுங்கியிருக்கிறது. தொங்கவிட வளையம் வைத்து, பற்றவைக்கும் பொடி போட்டுத் தீ ஊதி, பின்னர் வளையத்தை அறுத்தெடுத்த தடம் இது. பொடியில் வெள்ளியும் செம்பும் கலந்திருப்பதால்தான் நிறம் மாறித் தெரிகிறது. உங்கள் புகைப்படத்தில் அந்த இடம் நிழலில் இருக்கிறது; குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை.

காசு போலி என்று நான் சொல்லவில்லை. காற்றில் 4.012 கிராம், நீரில் 3.801, ஒப்படர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு) 19.01. பாத்திமியத் தங்கத்துக்கு இது பொருத்தமான அளவே. ஆனால் "சுமார் 4.2 கிராம்" என்று போட்டது சரியல்ல. தங்கக் காசுக்குச் "சுமார்" என்று எடை போடுவது எந்த ஊர் வழக்கம்?

ஏல விலை, உங்கள் கமிஷன், அனுப்பும் செலவு மூன்றையும் 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். காசைக் கழுவவோ துடைக்கவோ இல்லை. வந்த உறையிலேயே, காப்பீட்டுடன், உங்கள் செலவில் திருப்பி அனுப்புகிறேன். பழைய ஏல விலைப் பதிவிலும் ஆட்சியாளர் பெயர், ஆண்டு, எடை, பற்றுத்தடம் நான்கையும் திருத்துங்கள். அந்தப் பதிவைப் பார்த்துத்தான் அடுத்தவர் தன் காசை அடையாளம் காண்பார்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: விளிம்பின் நெருக்கப் படங்கள், ரசீது நகல்